யூதாவின் முத்திரை மோதிரம்

ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தை நாம் பிரசங்க பீடத்தில் எடுத்துரைப்பது அரிது. ஆயினும் மேய்ப்புப் பணியில் ஈடுபட்டோர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டிய அதிகாரம் அது. தாமார் கர்ப்பவதி என்று கேள்வியுற்றவுடன், யூதா விசாரணை ஏதுமின்றி அவளைச் சுட்டெரிக்கத் தீர்ப்பளித்தான். அவளோ அவனுடைய முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அனுப்பி, இவற்றுக்கு உரியவனே தகப்பன் என்று அறிவித்தாள். யூதா தன் பொருள்களை இனங்கண்டு, தன்னிலும் அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டான். தீர்ப்பளித்தவனே பிள்ளைக்குக் கடமைப்பட்டவன் என்பது வெளியாயிற்று.

நம் சபைகளில் நடப்பது என்ன? பெண்ணின் நிலை கண்ணுக்குத் தெரிகிறது. ஆணின் பங்கு மறைந்து நிற்கிறது. ஆகவே ஒழுங்கு நடவடிக்கை அவள்மீது மட்டுமே பாய்கிறது. என் ஊழியத்தின் தொடக்கத்தில் இத்தகைய ஓர் இளம்பெண் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டாள். ஊரார் அறிந்த அவ்விளைஞனோ பாடகர் குழுவில் தொடர்ந்தான். குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது பதிவேட்டில் தகப்பன் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் சான்றிதழ் பெற வந்த அப்பிள்ளை அக்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்காக நான் செய்திருக்கக்கூடியவை பல என்பதைப் பின்னரே அறிந்தேன். அவற்றை இங்குச் சுருக்கிக் கூறுகிறேன்.

முதலாவது, பராமரிப்பு. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளை, முறையான திருமணத்தில் பிறந்திராவிடினும், தந்தையிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற உரிமையுடையது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இதை வழங்கிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவும் அதையே வழங்குகிறது. தந்தை மறுப்பாராயின், கடிதங்களும் சாட்சிகளும் சூழ்நிலைகளும் நீதிமன்றத்தில் ஆராயப்படும். மரபணுச் சோதனையும் உண்டு; ஆனால் கேட்டவுடன் அதற்கு உத்தரவிடுதல் வழக்கமன்று. ஆகவே அவர் தாமே எழுத்துமூலம் ஒப்புக்கொள்வதே அனைவருக்கும் நலம்.

இரண்டாவது, திருமணம். செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறக்கும் பிள்ளையைச் சட்டம் அக்கணவனின் பிள்ளையாகவே கொள்ளும். திருமணத்திற்கு முன்பே கருவுற்றிருந்தாலும் இது பொருந்தும். எனினும் இதனைக் காட்டி மனமில்லாத இருவரைப் பலிபீடத்தண்டை இழுத்து நிறுத்தலாகாது. சபையின் வெட்கத்தை மறைப்பதற்காக நிகழும் திருமணம் பிள்ளைக்கு அரணாகாது. பெண் பதினெட்டு வயது நிறையாதவளாயின், 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ அறிவிப்பது கடமை. அவளுக்குத் திருமணம் நடத்திவைப்பது குற்றம். இதில் போதகருக்கு விலக்கு இல்லை.

மூன்றாவது, காப்பாளர் உரிமை. கிறிஸ்தவர்களுக்கு 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் பொருந்துகிறது. பிள்ளையின் நலனே அதில் தலையாய அளவுகோல். மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு அறிவிப்பு அனுப்பாமலும் தம்மையே காப்பாளராக நியமிக்குமாறு வேண்டினார். கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. 2015-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவை அவ்வறிவிப்பின்றியே விசாரிக்கப் பணித்தது. அத்தகைய தாய் உறுதிமொழிப் பத்திரம் அளித்தாலே பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதேவேளையில் தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதையும் மறவாது, தந்தையின் விவரங்களை ஓர் உறையிலிட்டு முத்திரையிட்டுக் காக்கச் செய்தது.

இவ்விரு முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யூதாவின் முத்திரை உண்மையை வெளிப்படுத்திற்று. நீதிமன்றத்தின் முத்திரை உண்மையைப் பிள்ளைக்காகப் பாதுகாத்தது. இரண்டிலும் நோக்கம் ஒன்றே: பலவீனமானவர் அழிந்துபோகலாகாது.

ஆகையால் போதகர் செய்யத்தக்கவை இவை. பெண்ணைத் தனியே அழைத்து விசாரிப்பதற்கு முன், அவளுக்கு உறைவிடமும் மருத்துவமும் உண்டா என்று கேளுங்கள். அவள் விரும்பினால் இளைஞனைச் சந்தியுங்கள். ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமாயின் இருவருக்கும் ஒரே அளவுகோலைக் கையாளுங்கள். பொறுப்பேற்க முன்வரும் தகப்பனைத் துரத்தாதீர்கள். இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வழிகாட்டுங்கள். அந்தரங்கத்தைச் சபைக் குழுவின் பேச்சுப்பொருளாக்காதீர்கள்.

தாமாரின் மகன் பாரேஸ், தன் தாயின் பெயருடனேயே மத்தேயு எழுதிய வம்சவரலாற்றில் இடம்பெற்றிருக்கிறான். நற்செய்தியாளர் அவளை மறைக்கவில்லை. பிள்ளையின் பெயருக்கு எதிரே கோடும் இழுக்கவில்லை. நம் பதிவேடுகளும் அவ்வாறே இருக்கட்டும்.