சாராய ஊறலும் ஊராட்சியின் கடமையும்

வேலூரை அடுத்த பாகாயத்தைச் சுற்றிலும் குன்றுகள் உள்ளன. அவற்றுக்கு அப்பால், அணைக்கட்டு வட்டாரத்து மலைகளில் சாராய ஊறல் அழிக்கப்பட்ட செய்தியை நாம் அடிக்கடி கேள்வியுறுகிறோம். ஓடைநீர், விறகு, மறைவிடம் ஆகிய மூன்றும் அங்கே கிடைப்பதே அதற்குக் காரணம்.

தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையை நாடுவதுபோல், ஊறல் போடுவோர் வேலம்பட்டையை நாடுவர். இரண்டிலும் உள்ளது துவர்ப்புச் சத்தே. 'பட்டைச் சாராயம்' என்னும் பெயரும் இதனால் வந்ததே. வெல்லக் கரைசல் புளித்துப் பொங்கியபின், அதனைக் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்து வடிப்பர்.

இவ்வாறு வடித்ததும் உடலைக் கெடுப்பதே. ஆயினும், ஒரே நாளில் ஊரையே துக்கத்தில் ஆழ்த்துவது பெரும்பாலும் மெத்தனால் என்னும் விஷச் சாராயமாகும். தொழிற்சாலைகளுக்குரிய இப்பொருளைப் பேராசையால் சிலர் கலந்து விற்கின்றனர். நிறத்தாலும் மணத்தாலும் குடிப்பவர் இதனை வேறுபடுத்தி அறிய இயலாது. இது ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, இரத்தத்தைக் கெடுத்து, கண் நரம்பைத் தாக்குகிறது. பல மணி நேரம் கழித்தே துன்பம் தோன்றுவதால், குடித்தவர் தமக்கொன்றும் இல்லையென எண்ணி ஏமாந்துவிடுகிறார். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நேர்ந்தவை இத்தகைய கொடுமைகளே. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் ஆகியவை கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கக்கூடும். வழக்குக்கு அஞ்சி மறைப்பது உயிரைப் பறிகொடுப்பதாகும்.

1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. அந்நாளிலும் கள்ள அடுப்புகள் முற்றும் அணையவில்லை. சட்டத்தோடு ஊராரின் விழிப்பும் சேரவேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

அடுப்பருகே அமர்பவன் பெரும்பாலும் ஏழை. இலாபம் அடைபவனோ மறைவில் இருப்பவன். ஆகவே, தண்டனை ஒன்றே போதாது. மனந்திருந்தியவர்களுக்கு அரசு அளிக்கும் மறுவாழ்வு உதவியை ஊராட்சி உறுப்பினர்கள் மாவட்ட நிர்வாகத்தின் வாயிலாகப் பெற்றுத் தரலாம்; கறவை மாடு, தையல் போன்ற தொழில்களுக்கு வழிகாட்டலாம். குடிக்கு அடிமையானோருக்குப் பாகாயத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் சிகிச்சை கிடைக்கிறது. விற்பனை பற்றி 10581 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

அடுத்த கிராம சபையிலேயே இதனை எடுத்துப் பேசுவோமாக. ஊரில் ஒரு கள்ள அடுப்பு அணைந்தால், பல வீடுகளில் சோற்றடுப்பு எரியும்.