பதிவாகும்வரை இரண்டு மணி நேரம்

பிணையத்தின் ஸ்விட்சும் உள்ளுக்குள் ஒரு கணினியே என்பதால் அதன் இயங்குதளத்தையும் அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். சிஸ்கோ நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய கேட்டலிஸ்ட் 9000 வரிசையில் இந்தப் பணி மூன்று கட்டளைகளில் முடிகிறது. ‘இன்ஸ்டால் ஆட்’ என்பது நிறுவனம் வழங்கும் ஒற்றைக் கோப்பைப் பல பொதிகளாகப் பிரித்து, மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்கிறது. ‘ஆக்டிவேட்’ ஸ்விட்சை மறுதொடக்கம் செய்து புதிய பதிப்பில் எழச் செய்கிறது. ‘கமிட்’ அந்தப் பதிப்பை நிலையானதாகப் பதிவு செய்கிறது.

இவற்றுள் வியப்புக்குரியது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்ட காலம். புதிய பதிப்பு ஓடத் தொடங்கி, கணினிகளெல்லாம் இணைப்புப் பெற்றுவிட்ட பின்னும், ஸ்விட்ச் அதைத் தனக்கு உரியதாக ஏற்றுக்கொள்வதில்லை. கிரயம் பேசி, சாவி வாங்கி, பால் காய்ச்சிக் குடியேறிவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியாதவரை வீடு பழைய உரிமையாளர் பெயரிலேயே இருப்பதைப் போன்றது இந்நிலை. ‘ஷோ இன்ஸ்டால் சம்மரி’ என்று கேட்டால் புதிய பதிப்பின் அருகில் ‘யு’ என்ற ஓரெழுத்து நிற்கும். இயங்குகிறது, ஆனால் இன்னும் பதிவாகவில்லை என்பது அதன் பொருள். உள்ளே ஒரு கடிகாரம் 120 நிமிடங்களிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டிருக்க, அதற்குள் ‘கமிட்’ வராவிட்டால் ஸ்விட்ச் யாரையும் கேளாமல் மீண்டும் மறுதொடக்கமாகிப் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். கட்டளை வந்துவிட்டால் ‘யு’ மறைந்து ‘சி’ தோன்றும்.

பூட்டிய அறையொன்றில் பல மைல் தொலைவில் இருக்கும் ஸ்விட்சை அதன் வழியாகவே தொடர்புகொண்டு பழுது பார்ப்பவர், தவறான பதிப்பை ஏற்றிவிட்டால் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியவராகிறார். அவரால் உள்ளே நுழைய முடியாது என்பதே கருவிக்கு ஏதோ பிழை என்று உணர்த்தும் குறிப்பாகிவிடுகிறது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாத பொறி என்று இதைச் சொல்லலாம். ஜூனிப்பர் கருவிகளில் அமைப்பு மாற்றங்களுக்கு உள்ள ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கட்டளையும் இதே சிந்தனையின் விளைவே. அங்கே இயல்பான கெடு 10 நிமிடம்.

மூன்று கட்டளைகளையும் ஒரே வரியில் சேர்த்தெழுதும் வசதியும் உண்டு. அவ்வாறு எழுதினால் சோதித்துப் பார்க்கும் முன்பே பதிவும் நடந்துவிடுவதால் கடிகாரத்துக்கு வேலையில்லை. சில நிமிடங்களை மிச்சப்படுத்த இந்த வரியையே வழக்கமாக்கிக்கொள்வது, பிறர் கவனமாகப் பின்னி வைத்த வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கயிற்றில் நடப்பதாகும்.

புதுப்பிக்காமலே விடுவது இதனினும் பெரிய அலட்சியம். புதிய ஸ்விட்சுகளுக்குத் தொலைவிலிருந்தே மென்பொருளும் அமைப்பும் அனுப்புவதற்கென்று சிஸ்கோவின் பழைய ஸ்விட்சுகளில் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்ற வசதி இருந்தது. அனுப்புபவர் யார் என்று கேட்காமலே அது 4786ஆம் வாயிலில் காத்திருக்கும். அதிலிருந்த கடுமையான ஓட்டை ஒன்றுக்கு 2018 மார்ச் இறுதியில் திருத்தம் வெளியானது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே இவ்வசதி திறந்து கிடந்த ஸ்விட்சுகளின் அமைப்புகளைத் தாக்குநர்கள் அழித்து, அமெரிக்கக் கொடியைப் பதித்துச் சென்றனர். ஈரானில் மட்டும் சுமார் 3,500 ஸ்விட்சுகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. தேவைப்படாத இடங்களில் அவ்வசதியை அணைப்பதற்கு இருந்த கட்டளை ‘நோ விஸ்டாக்’ என்ற இரண்டே சொற்கள்.