பிக்கப் வண்டியை வீட்டிலேயே உயர்த்துமுன்

விளைபொருளைத் தோட்டத்திலிருந்து சந்தைக்கும், நூற்சிப்பங்களைச் சங்கத்திலிருந்து தறிக்கூடத்திற்கும் கொண்டுசெல்ல இன்று பிக்கப் வண்டி பெரிதும் உதவுகிறது. மழைக்குப்பின் பாதையில் பள்ளம் விழுந்து, வண்டியின் அடிப்பாகம் மண்மேட்டில் உரசும்போது, ‘இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் என்ன?’ என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அதற்குரிய கட்டைகளும் போல்ட்டுகளும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டு முற்றத்திலேயே ஒரு நாளில் வேலையை முடித்துவிடலாம் என்பாரும் உளர். அவ்வேலையால் கிட்டுவது யாது, கிட்டாதது யாது என்பதை அங்கத்தினர்கள் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. அச்சின்மேல் பட்டைவில்லும், வில்லின்மேல் வண்டியின் சட்டமும் அமர்ந்துள்ளன. உயர்த்தும் கட்டை அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே வைக்கப்படுவதாகும். ஆதலால் கட்டைக்கு மேலுள்ள பாகமே உயரும். அச்சின் நடுவில் பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டி முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். கல்லில் இடிபடுவது அப்பெட்டியேயானால், கட்டையால் இம்மியும் பயனில்லை.

மற்றொரு தவறான எண்ணம் இதனினும் அபாயகரமானது. பாரம் ஏற்றியதும் பின்புறம் தாழ்கிறது. கட்டை வைத்தால் அத்தாழ்வு மறைகிறது. ஆகவே இன்னும் சில மூட்டைகள் ஏற்றலாம் என்று சிலர் கருதுகின்றனர். கட்டையினால் வில்லுக்கோ, அச்சுக்கோ, டயருக்கோ, பிரேக்குக்கோ எவ்விதப் பலமும் கூடுவதில்லை. தாழ்வு என்பது வண்டி நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை மறைப்பது அறிவுடைமையன்று. அனுமதிக்கப்பட்ட பாரத்துக்கே பின்புறம் அளவுக்கு மீறித் தாழுமாயின், பட்டைகள் தளர்ந்தோ முறிந்தோ இருக்கக்கூடும். அவற்றை மாற்றுவதே தக்க பரிகாரம்.

பிரேக்கைப் பற்றியும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பல வண்டிகளில் பாரத்தை உணரும் வால்வு ஒன்று பின்னச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டுள்ளது. பாரம் ஏறிச் சட்டம் தாழும்போது, இவ்வால்வு பின் பிரேக்குகளுக்கு அதிக அழுத்தத்தை அனுப்புகிறது. கட்டை வைத்தபின் சட்டம் உயர்ந்தே நிற்பதால், முழுப் பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்றே வால்வு கொள்ளும். பின் பிரேக் போதிய வலுவின்றிப் பிடிக்கும். அக்கம்பியின் அமைப்பைத் திருத்தாமல் வண்டியைச் சாலையில் செலுத்தலாகாது.

உயரம் கூடினால் கவிழும் அபாயமும் கூடுகிறது. உதாரணமாக, சக்கரங்களின் இடையகலம் 1,500 மில்லிமீட்டரும், எடையின் மையம் தரையிலிருந்து 750 மில்லிமீட்டரும் உள்ள வண்டியைக் கொள்வோம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1 வரும். மையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் இது 0.94 ஆகக் குறையும். வளைவில் சாயாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு குன்றுகிறது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்திற்று. ஆதலால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்து மூலம் விடை பெற்று, இன்ஷுரன்ஸ் நிறுவனத்துக்கும் அறிவித்த பின்னரே வேலையைத் தொடங்குக.

இவ்வளவும் ஆராய்ந்த பின்னரும் உயர்த்துவதே தேவை எனின், முறை வருமாறு. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க வேண்டும். சட்டத்தை ஜாக்கியால் தூக்கியபின், உறுதியான இரும்புத் தாங்கிகளின்மீது அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல்லையும் தாங்கியாகக் கொள்ளற்க. அச்சை மற்றொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டையும் யூ போல்ட்டுகளையும் கழற்றி, அச்சை மெல்ல இறக்கவேண்டும். அப்போது பிரேக் குழாய் இழுபடாதவாறு பார்த்துக்கொள்க. வில்லின் நடுப் போல்ட்டின் தலை கட்டையின் குழியில் சரியாகப் பொருந்த வேண்டும். பின்னர் அச்சை உயர்த்தி, நீளமான புதிய யூ போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்துவதும், ஒரு கட்டைமேல் மற்றொன்றை அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும், முன்னச்சில் கட்டை வைப்பதும் அறவே கூடாதவை. ஷாக் அப்சார்பரின் நீளம் போதவில்லையெனில் நீளமானதை வாங்குக. முன்புறம் சுருள்வில் உள்ள வண்டியாயின், அப்பகுதியை வீட்டில் தொடவே வேண்டாம். அழுத்தப்பட்ட சுருள்வில் விடுபட்டால் ஆளைக் கொல்லும். அது பட்டறைக்குரிய வேலை. நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, முகப்பு விளக்குகளின் ஒளி விழும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். கூலியில் சிக்கனம் செய்யலாம். போல்ட்டில் சிக்கனம் செய்யலாகாது.

இறுதியாக ஒரு வார்த்தை. கட்டை வாங்கப் புறப்படுமுன் வண்டிக்கடியில் குனிந்து, உரசிய தடம் எங்குள்ளது என்று பாருங்கள். பிறகு பாதையையும் பாருங்கள். ஒருவர் வண்டியை உயர்த்தினால் அவ்வண்டிக்கு மட்டுமே நன்மை. அப்பாதையில் செல்லும் அங்கத்தினர் நால்வர் கூடிச் சரளை கொட்டிப் பள்ளத்தை நிரப்பினால், அத்தனை வண்டிகளுக்கும் நன்மை. செலவும் பங்காகும்; வண்டியும் உற்பத்தியாளர் அமைத்தபடியே நிற்கும்.