சுமை இறக்க ஒரு கல், தலை சாய்க்க ஒரு மண்டபம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவிதாங்கூருக்குள் நுழைய அதுதான் தலைவாசல். பஸ்ஸும் லாரியும் வருமுன் நெல்லும் உப்பும் கருப்பட்டியும் மாட்டுவண்டியிலும் தலைச்சுமையாகவும் போய்வந்தன. அப்படி நடந்தவர்களுக்காக எழுந்தவைதான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நாஞ்சில் நாட்டின் வழியம்பலங்களும் கல்மண்டபங்களும். அழகியமண்டபம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

கருங்கல் தூண்கள், மேலே பலகைக்கல் கூரை. கதவு கிடையாது, வாடகையும் கிடையாது. பக்கத்தில் குளமோ கிணறோ இருக்கும். அருகே பல இடங்களில் சுமைதாங்கியும் நிற்கும்: நட்டுவைத்த இரண்டு கல், குறுக்கே ஒரு கல். அதன் உயரத்தில்தான் சூட்சுமம். கூடைக்காரி யாரையும் கைபிடிக்கக் கூப்பிடாமல் தனியாகவே சுமையை இறக்கலாம், களைப்பாறியதும் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணுக்காக, அவள் இறக்காமல் போன சுமையை நினைத்துக் குடும்பத்தார் நட்ட கற்கள் இவற்றில் உண்டு.

சோற்று விஷயம் வேறு. பத்மநாபபுரம் அரண்மனையில் ஆயிரம் பேர் உண்ணக்கூடிய ஊட்டுப்புரையையும் பெரிய ஊறுகாய்ச் சாடிகளையும் இன்றும் பார்க்கலாம். திருவிதாங்கூர் அரசு வழிநெடுக நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்குத்தான். அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கு அங்கே இலை விழவில்லை. தர்மம் என்று பெயர் பெற்ற ஓர் ஏற்பாட்டின் பெருங்குறை இது.

அதற்கான பதில் சாமிதோப்பு என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீரெடுக்க முத்திரிக்கிணறு வெட்டினார், சமபந்தி நடத்தினார். அவர் வழியில் ஊர்தோறும் எழுந்த நிழல்தாங்கல்கள் வழிபாட்டுக் கூடமாகவும் பசியாற்றும் இடமாகவும் இருந்தன. நாஞ்சில் நாட்டு விருந்தோம்பலின் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

பனைமரம் நிறைந்த இந்த மாவட்டத்தில் வழிப்போக்கர் இளைப்பாறக் கள்ளுக்கடைகளும் இருந்தன. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கப்பையும் மீன்கறியுமாக அந்தக் கடைகள் இன்றும் நடக்கின்றன. இந்தப் பக்கம் மிஞ்சியது பதநீர். உள்ளூர்க்காரர்களுக்கு அது அக்கானி.

நிழல்தாங்கல்களில் இன்றும் விளக்கு எரிகிறது. கல்மண்டபங்களுக்குத்தான் கேட்பாரில்லை. சாலையை அகலமாக்கும்போது அவற்றை ஓரமாக நகர்த்தி நட முடியும். கல் கல்லாகப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மயிலாடிச் சிற்பிகள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒரு சுமைதாங்கி மிஞ்சியிருந்தால் படமெடுத்து, அது யார் நினைவாக நட்டது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.