பெரி மேசன் தோற்ற வழக்கு

2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கச் செனட் சபையின் குழு ஒன்றின் முன்னால் சோனியா சோட்டோமாயர் என்னும் நீதிபதி அமர்ந்திருந்தார். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. அவருடைய தகுதியை ஆராய்வது அக்குழுவின் கடமை. சட்டத்தைப் பற்றிய கடினமான வினாக்கள் பல எழுந்தன. அவற்றிடையே ஆல் ஃபிராங்கன் என்னும் செனட்டர் வேடிக்கையான வினா ஒன்றையும் எழுப்பினார். பெரி மேசன் தொடரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் வென்ற அந்த ஒரு வழக்கு எது என்பதே அது. இளமையில் அத்தொடரை விரும்பிப் பார்த்தவர் சோட்டோமாயர். ஆயினும் விடை அவர் நினைவுக்கு வரவில்லை. அவையில் சிரிப்பு எழுந்தது.

அவ்வினாவுக்குரிய விடையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது வெறும் விடுகதையின் விடையன்று. நீதி என்பது என்ன என்று நம்மைச் சிந்திக்க வைக்கும் விடை.

பெரி மேசன் என்பவர் கற்பனை மனிதர். கலிபோர்னியாவில் வழக்கறிஞராக இருந்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் 1933-இல் வெளியிட்ட நாவலில் அவரை முதன்முதலாக உலவவிட்டார். 1957 முதல் 1966 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 271 கதைகள் ஒளிபரப்பாயின. ரேமண்ட் பர் மேசனாக நடித்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கராக வில்லியம் டால்மன் நடித்தார்.

அக்கதைகளில் பெரும்பாலானவை ஒரே போக்கில் செல்பவை. கொலை ஒன்று நிகழும். குற்றமற்ற ஒருவர் மீது பழி விழும். மேசன் குறுக்கு விசாரணை செய்வார். உண்மைக் கொலையாளி நீதிமன்றத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்வார். இவ்விசாரணைகள் பெரும்பாலும் ஜூரி இல்லாத முதல்நிலை விசாரணைகள். வழக்கை முழு விசாரணைக்கு அனுப்பப் போதிய சான்று உண்டா என்று மட்டும் நீதிபதி அதில் பார்ப்பார். உண்மை வாழ்வில் எந்த வழக்கறிஞரும் தம் வாதம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடமாட்டார். சாட்சிக் கூண்டில் நின்றபடி கொலையாளி கதறி ஒப்புக்கொள்வதும் அரிதினும் அரிது. எனினும் பார்ப்பவர் மனம் அதை விரும்பிற்று. நானும் அவ்வாறு விரும்பிப் பார்த்தவர்களில் ஒருவன்.

1963 அக்டோபர் 17-ஆம் நாள், வியாழன் இரவு, ஏழாம் ஆண்டு வரிசையின் நான்காம் கதை ஒளிபரப்பாயிற்று. 'கொடிய தீர்ப்பின் வழக்கு' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மற்றக் கதைகள் எங்கே முடியுமோ, அங்கே இக்கதை தொடங்குகிறது. ஜூரிகள் தீர்ப்புக் கூறுகின்றனர். ஜானிஸ் பார்ட்டன் என்னும் பெண், கொலைக் குற்றவாளி! நச்சுவாயு அறையில் மரணம் என்பது தண்டனை. அவளுக்காக வாதாடியவர் பெரி மேசன். ஜூலி ஆடம்ஸ் என்னும் நடிகை ஜானிஸாக நடித்தார். நான் இக்காட்சியை முதலில் கண்டபோது எங்கோ தவறு நேர்ந்துவிட்டதென்றே எண்ணினேன். மேசன் தோற்பதாவது!

அவர் ஏன் தோற்றார்? ஜானிஸ் தனக்குத் தெரிந்த உண்மை ஒன்றைத் தன் வழக்கறிஞரிடமே மறைத்துவிட்டாள். கட்சிக்காரர் இரகசியமாகச் சொல்வதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்பது சட்டம் அளிக்கும் காப்பு. தயக்கமின்றி முழு உண்மையையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அக்காப்பு ஏற்பட்டது. நோயை மறைத்தவனுக்கு மருத்துவர் என்ன மருந்து கொடுக்க இயலும்?

இங்கே ஜூரி முறையைச் சற்று விளக்க வேண்டும். கலிபோர்னியாவில் இத்தகைய கொலை வழக்கை விசாரிக்கப் பொதுமக்களிலிருந்து பன்னிருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிருவரும் ஒருமனதாக முடிவு செய்தாக வேண்டும். நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது. தம் முன் வைக்கப்பட்ட சான்றுகளை மட்டுமே ஜூரிகள் எடைபோட இயலும். வராத சாட்சியை அவர்கள் கேட்டிலர்; மறைந்த உண்மையைக் கண்டிலர். ஆகவே அவர்கள் நேர்மையானவர்களாக இருந்தும் தவறக்கூடும். 'குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று' என்பதும் 'குற்றம் செய்தார்' என்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையை இக்கதை நம் முன் நிறுத்துகிறது.

மேல்முறையீடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கலிபோர்னியாவில் மரண தண்டனை ஒவ்வொன்றும் தானாகவே மாநில உச்ச நீதிமன்றத்தின் ஆய்வுக்குச் செல்லும். ஆனால் மேல்முறையீடு பெரும்பாலும் விசாரணையில் சட்டப் பிழை உண்டா என்பதையே ஆராயும். புதிய உண்மையை யாரேனும் தேடிக் கொணர்ந்தாக வேண்டும். மேசன் அதையே செய்கிறார். கட்சிக்காரர் தம்மிடம் மறைத்தார் என்று சினந்து விலகவில்லை. தீர்ப்பு வந்துவிட்டதென்று கோப்பைக் கட்டி வைக்கவுமில்லை. நாள்கள் நகர நகர, தேடலைத் தொடர்கிறார். இறுதியில் உண்மைக் கொலையாளி வெளிப்படுகிறார்.

இது கதை. ஆனால் கார்ட்னர் இதைக் கதையோடு நிறுத்தவில்லை. 1948-இல் 'ஆர்கசி' என்னும் பத்திரிகையின் துணையுடன் 'இறுதி முறையீட்டு மன்றம்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு குழுவை அமைத்தார். தவறாகத் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களின் வழக்குகளை, குற்றவியல் அறிஞர்களின் உதவியோடு அக்குழு மீண்டும் ஆராய்ந்தது. அப்பணியைப் பற்றி அவர் 1952-இல் நூலொன்றும் வெளியிட்டார். பின்னாளில், 1992-இல், பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்னும் இரு வழக்கறிஞர்கள் தொடங்கிய இன்னொசென்ஸ் பிராஜெக்ட் என்னும் அமைப்பு, டி.என்.ஏ. சோதனையைக் கொண்டு இத்தகைய பணியில் இறங்கியது. குற்றமற்றவர்கள் பலர், மரண தண்டனைக் கைதிகள் உட்பட, அச்சோதனையால் விடுதலை பெற்றனர். அவர்களுள் எவரும் கற்பனைப் பாத்திரம் அல்லர்.

சோட்டோமாயர் அவர்களிடம் மீண்டும் வருவோம். தொடரின் வேறொரு கதையில் தம் மனத்தைக் கவர்ந்த காட்சி ஒன்றை அவர் அக்குழுவின் முன் நினைவுகூர்ந்தார். தோல்வியடைந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர், குற்றவாளி தண்டனை பெற்றாலும் நீதி நிறைவேறுகிறது, குற்றமற்றவர் விடுதலை பெற்றாலும் நீதி நிறைவேறுகிறது என்னும் கருத்தைக் கூறினாராம். அக்காட்சியே தம்மை அரசுத் தரப்பு வழக்கறிஞர் பணிக்கு ஈர்த்தது என்று அவர் சொன்னார்.

அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் செனட்டரின் வினாவே சற்றுத் திருத்தம் பெறுகிறது. 'கொடிய தீர்ப்பு' வழங்கப்பட்ட அன்று பர்கர் வென்றார் என்று ஏட்டில் எழுதலாம். உண்மையில் அன்று தோற்றது மேசன் மட்டுமன்று, நீதி. பின்னர் உண்மை வெளிப்பட்டபோது, பர்கரும் இழந்தது ஒன்றுமில்லை.

உங்களில் சிலர் நாளை வழக்கறிஞர்களாகலாம், சிலர் நீதிபதிகளாகலாம். ஏனையோரும் அன்றாடம் பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறிக்கொண்டே இருக்கிறோம். கூறும் முன், நம் முன் வராத சாட்சி யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். கூறிய பின் அது தவறென்று தெரிந்தால், திருத்திக்கொள்ள நாணாதிருப்போம்.