தாளிப்பு எங்கே போகிறது?

சுங்கை பாக்காப்பில் புது டெரஸ் வீட்டுக்குச் சாவி வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை இடித்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்கலாமா, இல்லை எண்ணெய்ச் சமையலுக்கென்று பின்புறம் ‘வெட் கிச்சன்’ இழுத்துக் கட்டலாமா? அவர் ஊரில் இப்போது பலருக்கும் இதே குழப்பம் இருக்கும். கரும்பும் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி ஆண்ட அந்தப் பக்கத்தில், 2014-ல் பினாங்கின் இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. 2019 மார்ச்சில் அங்கேயே ஐகியா திறந்தது. வீடுகளும் முளைத்தன, சமையலறைப் படங்களும் கூடவே வந்தன. அந்தப் படங்களில் வெள்ளை மேடை இருக்கும், பழக்கிண்ணம் இருக்கும், நடுவே தீவுபோல ஓர் அடுப்புமேடை இருக்கும். குவாலியில் கடுகு வெடிக்கும் படத்தை மட்டும் எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. எந்தப் புதுப்பாணியையும் எடைபோட எனக்கு ஒரே கேள்விதான்: தாளித்தால் அந்தப் புகை எங்கே போகும்?

காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததும் இரண்டு வகைத் துளிகள் பிறக்கின்றன. கடுகிலும் கறிவேப்பிலையிலும் உள்ள நீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு விரிகிறது. அந்த வெடிப்பில் தெறிக்கும் பெரிய துளி கையைச் சுடும், அடுப்பைச் சுற்றி விழும், துடைத்தால் போய்விடும். இரண்டாவது வகைதான் சுவாரசியமானது. சூடேறிய எண்ணெய் கொஞ்சம் ஆவியாகவும் செய்கிறது. அந்த ஆவி மேலே போய்க் குளிர்ந்த காற்றைத் தொட்டதும் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகளாகத் திரள்கிறது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் துளிகள் லேசில் கீழே விழா, காற்று போகும் இடமெல்லாம் போகும். குளிர்பெட்டியின் தலையில் விரல் வைத்தால் ஒட்டுகிறதே ஒரு பிசுக்கு, அது இவற்றின் முதுமைக்கோலம். எண்ணெய் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, நாளடைவில் எண்ணெய் வார்னிஷாக மாறிவிடுகிறது. கதவில்லாத அலமாரியில் பீங்கான் தட்டுகளை அழகாக அடுக்கும் பாணிக்கு இதற்குமேல் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

இந்தத் துளிகளைத் தூக்கிக்கொண்டு போவது அடுப்பின்மேல் எழும் சூடான காற்றுத் தூண். தைப்பூசத்துக்கு முதல்நாள் ஜார்ஜ்டவுன் பினாங்கு தெருக் கோவில்வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது பின்னால் வரும் கூட்டம் கொஞ்சம்தான். ஒவ்வொரு முச்சந்தியிலும் சந்துகளிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்துகொள்ள, தண்ணீர்மலைக் கோயிலை நெருங்கும்போது சாலை கொள்ளாது. காற்றுத் தூணும் அப்படித்தான், போகப் போகப் பக்கத்துக் காற்றைச் சேர்த்துக்கொண்டே போகிறது. 1956-ல் மோர்ட்டன், டெய்லர், டர்னர் மூவரும் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்: உயரம் இரட்டித்தால் தூணில் ஓடும் காற்று மூன்று மடங்குக்கு மேல் பெருகும். புகையை வெளியேற்ற அடுப்பின்மேல் பொருத்தும் ஹுட்தான் கோயில் வாசல். வாசல் குறுகலாகவோ தொலைவாகவோ இருந்தால் கூட்டம் பக்கத்துத் தெருக்களில் வழியும். கூடத்துக் காற்றாடியோ ஊர்வலத்தின் குறுக்கே வந்து நுழையும் லாரி. வழியெல்லாம் உடையும் தேங்காய்களுக்குக் கடுகு இருக்கிறது. உவமைக்கு மூச்சு வாங்குகிறது, இங்கே விட்டுவிடலாம்.

ஆனால் வாசல் கூட்டத்தை இழுப்பதில்லை என்பது முக்கியம். விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். ஊதும் காற்று ஒரே திசையில் பாயும். உறிஞ்சும்போதோ எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று வருவதால், தூரம் இரட்டித்தால் அதன் வேகம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே ஹுட்டின் வேலை, தானாக மேலே வரும் புகையை ஏந்திக்கொள்வது. ஏந்தும் இடத்தில் இல்லாவிட்டால் மோட்டார் எவ்வளவு இரைந்தும் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் வீடுகளில் பொருத்திய ஹுட்களை அளந்து 2012-ல் வெளியிட்ட முடிவில், பிடிபட்ட புகை 15 சதவீதத்துக்கும் கீழிருந்து 98 சதவீதத்துக்கு மேல்வரை இருந்தது. பின் அடுப்பின் புகை முன் அடுப்பின் புகையைவிட நன்றாகப் பிடிபட்டது. நடுவீட்டுத் தீவுமேடையில் அடுப்பு வைப்பவர் பின்சுவரின் அணைப்பை இழந்து நாலுபக்கக் காற்றுக்கும் புகையைக் கொடுக்கிறார். அடுப்போடு சேர்ந்து கீழ்நோக்கி உறிஞ்சும் புதுக் கருவி தோசைக்கல்லுக்குச் சமாளிக்கும், உயரமான ரசப் பானையிடம் தோற்கும். குழாயே இல்லாமல், கரித்தூள் வடிகட்டி வழியாகக் காற்றை மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும் ஹுட், மணத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும். ஈரமும் சூடும் அப்படியே நம் முகத்துக்குத் திரும்பும். பினாங்கின் புழுக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் புழுக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

‘இண்டக்‌ஷன் வாங்கிவிட்டால் புகையே இல்லையே’ என்பார்கள். தோங் கேஸின் சுவாலையிலிருந்து வரும் நைட்ரஜன் டையாக்சைடு போகும், உண்மை. சம்பாலின் நெடி எண்ணெயிலிருந்தும் மிளகாயிலிருந்தும் வருவது, எதில் சூடேற்றினாலும் அது வரும்.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்காக ஒரு பத்தி. இன்றைய பொருத்தப்பட்ட சமையலறைகளின் பாட்டி, 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், கூடத்தோடு சேரும் இடத்தில் இழுவைக் கதவு. அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆனாலும் கதவை மறக்கவில்லை. மலாய்க் கம்பத்து வீட்டில் ‘டாப்பூர்’ பின்னால் தனியே இருந்ததும், ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் வானவெளி முற்றத்தைத் தாண்டி அடுப்படி வைத்ததும் இதே கணக்குதான்.

ஆக, மலேசிய வீடு விற்பனையாளர்கள் புதுமை என்று விற்கும் வெட் கிச்சன், டிரை கிச்சன் பிரிவினையை நான் வைத்துக்கொள்வேன். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சமைப்பவரை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, மறுபடியும் பின்கட்டுக்குத் தள்ளுவதுதானே இது? ஓப்பன் கிச்சன் அவரைக் கூடத்துப் பேச்சுக்குள் கொண்டுவந்ததே? வாதம் நியாயமானது. ஆனால் தாளிப்பு, பொரியல், சம்பால் மூன்றும்தான் பின்னால் போக வேண்டியவை. காய் நறுக்குவது, சோறு வடிப்பது, தேநீர் போடுவது எல்லாம் முன்னாலேயே நடக்கலாம். நடுவில் கண்ணாடி இழுவைக் கதவு இருந்தால் முகமும் தெரியும், பேச்சும் கேட்கும். சமைப்பது ஒருவர் தலையிலேயே ஏன் விழுகிறது என்ற கேள்விக்குச் சுவரை இடித்துப் பதில் கிடைக்காது. என் கவலை வேறு. புறக்கடை முழுவதையும் கூரைபோட்டு, பின்சந்துச் சுவர்வரை அடைத்து, பக்கத்து வீட்டார் புகார் சொல்வார் என்று குழாயையும் விட்டுவிட்டுக் கட்டும் வெட் கிச்சன்கள். அவை ஓப்பன் கிச்சனைவிட மோசம். அதே புகை, சிறிய பெட்டிக்குள்.

அலமாரி, மேடை என்ற மற்றவற்றைச் சீக்கிரம் முடிக்கலாம். ஆண்டு முழுக்க ஈரம் நிற்கும் ஊரில் மரத்தூள் பலகை ஊதும், கரையானும் விருந்துக்கு வரும். அலுமினிய கேபினெட் பார்க்கச் சுமார்தான், வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக் குவார்ட்ஸ் மேடையில் 90 சதவீதத்துக்கு மேலும் சிலிக்கா இருக்கலாம். அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. விளம்பரம் அதன் பளபளப்பை மட்டும் பேசுகிறது.

வாசகருக்கு: சுவரை இடிக்காதீர்கள். பின்கட்டில் கூரைக்கும் சுவருக்கும் இடையே திறப்பு விட்டு, அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். ஹுட் அடுப்பைவிட அகலமாக, குட்டைக் குழாயோடு நேரே வெளியே போகட்டும். ஒரு ஊதுபத்தியை ஏற்றி அடுப்பின் விளிம்பில் பிடித்து ஹுட்டைப் போடுங்கள், பிறகு காற்றாடியையும் போட்டுப் பாருங்கள். புகை கூடத்துப் பக்கம் சாய்ந்தால், தாளிக்கும்போது அந்தக் காற்றாடி சுற்றக்கூடாது. முன் அடுப்பில் தேநீர்த் தண்ணீர், பின் அடுப்பில் குவாலி.