உழாதவர் வீட்டுக்கும் நெல் மானியம்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருக்கிறது வார்ட்டன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). டெக்சாஸ் மாநிலத்தின் நெல் வட்டாரம். அங்குள்ள எல் காம்போ என்ற ஊரை 2006-ல் நாடே திரும்பிப் பார்க்கவைத்தது 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ். வயலாக இருந்த இடத்தை வாங்கி வீடு கட்டிக் குடியிருந்த ஒருவருக்கு, ஆண்டுக்கு 1,300 டாலர் நெல் மானியம் வந்துகொண்டிருந்தது. அவர் விவசாயியே அல்ல. இப்படி விவசாயம் செய்யாதவர்களுக்கு, 2000-ம் ஆண்டிலிருந்து மட்டும் குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியது அந்த இதழ்.

இதில் திருட்டுத்தனம் ஏதுமில்லை, சட்டமே அப்படித்தான். 1996-ல் வந்த வேளாண் சட்டம், மானியத்தையும் சாகுபடியையும் பிரித்துவிட்டது. முன்பு அந்த நிலத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் இருந்தது என்ற பழைய பதிவுக்குத்தான் பணம். அந்தப் பதிவுக்கு 'பேஸ் ஏக்கர்' என்று பெயர். நிலத்தை விற்றால் அதுவும் சேர்ந்தே கைமாறும்.

அடி வாங்கியவர் குத்தகை விவசாயி. அமெரிக்க விளைநிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகையில் இருக்கிறது. மானியம் குத்தகைதாரர் கைக்கு வந்தாலும், அதைக் கணக்கில் வைத்தே நில உரிமையாளர் குத்தகைப் பணத்தை ஏற்றிவிடலாம். நெல்லே போடாமல் பணம் வரும்போது எதற்கு ஆள் என்று, குத்தகைதாரரைக் கிளப்பிவிட்டு நிலத்தை மாட்டு மேய்ச்சலுக்கு விட்ட உரிமையாளர்களும் டெக்சாஸில் உண்டு.

2014-ல் அந்த நேரடி மானியம் நின்றது. பதிலுக்கு வந்தவை இரண்டு திட்டங்கள். ஒன்றில், சந்தை விலை அரசு குறித்த விலைக்குக் கீழே போனால் பணம். 100 பவுண்டு நெல்லுக்கு அப்போது குறித்த விலை 14 டாலர். இன்னொன்றில், கவுண்டியின் சராசரி வருமானம் சரிந்தால் பணம். ஆலங்கட்டி மழையில் ஒருவர் வயல் மட்டும் நாசமானால் இதில் ஒன்றும் கிடைக்காது. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டியாக இருந்து, அதன் சராசரி சரிந்திருந்தால், அங்கே நல்ல மகசூல் எடுத்தவருக்கும் காசு வரலாம். இரண்டு திட்டங்களுக்கும் அடிப்படை அதே பேஸ் ஏக்கர்தான்.

கவுண்டிதோறும் பணத்தைக் கையாளும் அரசு அலுவலகத்தில் வான்வழிப் படம் இருக்கும்; ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். இந்த எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஆண்டுதோறும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அலுவலகத்தை மேற்பார்க்கும் குழுவை விவசாயிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் வயலை யார் உழுகிறார் என்பது அங்கே தெரியாத சங்கதி அல்ல. மானியத் தொகையைக் கணக்கிடும்போது சட்டம்தான் அதைப் பார்ப்பதில்லை.

2025-ல் வந்த சட்டம் நெல்லுக்குக் குறித்த விலையை 16.90 டாலராக்கியது. ஒருவருக்கான மானிய உச்சவரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆக்கியது. புதிதாக 3 கோடி ஏக்கர் வரை பேஸ் ஏக்கர் சேர்க்கவும் வழிசெய்தது. தொகை கூடியிருக்கிறது, போகும் வழி மாறவில்லை. விவசாயியைக் காப்பாற்றத்தான் மானியம் என்றால், இந்த ஆண்டு அந்த நிலத்தில் நஷ்டத்துக்குத் துணிந்து முதல் போட்டவர் யார் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.